போர் தண்ணீரும் பாப்பாவின் பல்லும்

பாலக்கோடு

அன்புள்ள தம்பி செல்வத்துக்கு,

அக்கா எழுதுவது. பாப்பாவைப் பள்ளிக்கூடம் சேர்க்கும்வரை அம்மாவிடம் விடப்போவதாகச் சொன்னாயாம். அன்றிலிருந்து அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தாராளமாக விடு. ஆனால் தண்ணீர் விஷயத்தைப் பேசித் தீர்த்துவிட்டு விடு.

ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களைத் தண்ணீர் சோதிக்கப் பழக்கினார்கள், எங்கள் குழுவில் நானும் ஒருத்தி. அந்தச் சோதனைப் பெட்டியை வைத்து நம் வீட்டு போர் தண்ணீரைப் பார்த்தேன். மருந்து விட்டதும் இளஞ்சிவப்பாக நிற்க வேண்டியது மஞ்சளுக்குப் போய்விட்டது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃப்ளோரைடு வரை நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது கணக்கு. நம் தண்ணீர் அதையும் தாண்டிவிட்டது. இந்தப் பக்கத்துப் பாறையே அப்படி. போரை ஆழப்படுத்தினாலும் தப்ப முடியாது.

அம்மா அந்தத் தண்ணீரைத்தான் விறகடுப்பில் தளதளவென்று கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டி வைக்கிறாள். கிருமிக்கு அது சரி. ஃப்ளோரைடு கொதித்தால் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கெட்டிப்படும். பாசத்தோடு கொடுக்கிறாள், என்ன செய்ய!

நமக்கு இனிப் பல்லில் புதிதாகக் கறை வராது, எலும்புக்குத்தான் பயம். பாப்பாவுக்கு அப்படியில்லை. நிலைப்பல் ஈறுக்குள் உருவாகிற வயது, எட்டு வயதுவரை ஜாக்கிரதை வேண்டும். நீ இன்றைக்கும் போட்டோவுக்கு வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறாய். பல் விளக்காத காவி என்று வாத்தியார் உன்னை வெளியே நிறுத்தினாரே, வேப்பங்குச்சி தேயத் தேய்த்தும் போயிற்றா?

ஒகேனக்கல் தண்ணீர் இதற்காகத்தான் வந்தது. 2008-ல் அடிக்கல், 2013-ல் திறப்பு, ஜப்பான் கடனோடு 1,928 கோடி ரூபாய்த் திட்டம். குடிக்க, சமைக்க அதுதான். ஆனால் வரத்துக் குறைந்த நாளில் டேங்கில் போர் தண்ணீரையும் ஏற்றிக் கலந்துவிடுகிறார்கள். ஆபரேட்டரைத் திட்டிப் பயனில்லை. குழாயில் காற்று வந்தால் குடத்தோடு அவர் வாசலில் நிற்பதும் நாம்தான். அதனால் எந்த நாள் எது ஏறுகிறது என்று கேட்டுத்தான் பிடிக்கிறேன்.

இன்னொன்று, குளோரின். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது கடைசிக் குழாய்வரை மிஞ்ச வேண்டும். டேங்கடியில் சொட்டு மருந்துக்கு நல்ல மஞ்சள் வந்தது. தெருக்கோடியில் நிறமே ஏறவில்லை. நடுவில் சாக்கடையை ஒட்டிப் போகிற பைப் எங்கோ ஒழுகுகிறது போல. எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் யாரும் தோண்டவில்லை. அதுவரை ஒகேனக்கல் தண்ணீரைக் கொதிக்கவைக்கட்டும், போர் தண்ணீர் பாத்திரம் கழுவ, துவைக்க இருக்கட்டும்.

இதையெல்லாம் அம்மாவிடம் நீயே போனில் சொல்லு. நான் சொன்னால், 'உங்களையெல்லாம் இந்தத் தண்ணீரில்தானே வளர்த்தேன்' என்று சண்டைக்கு வருகிறாள். மகன் சொன்னால் மறுபேச்சு இருக்காது.

அன்புடன்,
அக்கா