சிபி ஊர்க்காரனும் ஒரு மூட்டைப் புறாவும்

'சனிக்கிழமை புறா சுடப் போறேன், கூட வர்றியா?' என்று நண்பன் போனில் கேட்டபோது, ஏதோ புது ஹோட்டல் அயிட்டம் என்றுதான் நினைத்தேன்.

தஞ்சாவூரில் என்னோடு படித்தவன். இப்போது இங்கிலாந்தில், ஸஃபோக் பக்கம் கம்ப்யூட்டர் வேலை. வாரத்தில் ஐந்து நாள் கீபோர்டு, ஆறாம் நாள் துப்பாக்கி! லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ரயில் ஏறி, ஸ்டோமார்க்கெட்டில் இறங்கினேன். பிப்ரவரிக் குளிர். மூன்று ஸ்வெட்டர் போட்டும் பல் தந்தியடித்தது.

"டேய், புறாவுக்காகத் தொடையை அறுத்துத் தராசில் வெச்சாரே சிபிச் சக்கரவர்த்தி... அவர் வம்சம்னு சொல்லிக்கிட்டவங்கதானே சோழ ராஜாக்கள்? நாம அந்த ஊர்க்காரங்கடா!"

"சிபிகிட்ட வயல் இல்லை போலிருக்கு. ஏறு வண்டியில!"

வயலைப் பார்த்ததும் புரிந்தது. நம்ம கடுகுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு பயிர், எண்ணெய்க்காகப் போடுகிறார்கள். குளிர்காலத்தில் வேறு பச்சை அதிகம் இல்லாததால், நூற்றுக்கணக்கில் புறாக்கள் இறங்கி இலையை மேய்ந்து, வெறும் நரம்பை மிச்சம் வைத்திருந்தன. நம்மூர் மாடப்புறாவைவிடப் பருமன். கழுத்தின் இரு பக்கமும் விபூதிப் பட்டை. இறக்கையிலும் வெள்ளைக் கோடு.

வேலி ஓரம் வலை கட்டி, உள்ளே ஆளுக்கொரு முக்காலி. எதிரே இருபத்தைந்து கஜத்தில் பிளாஸ்டிக் புறாக்களைக் குதிரை லாடம் போல் நட்டான். காற்றை எதிர்த்துத்தான் புறா இறங்குமாம். அதற்கு நடுவில் காலி இடம் வேறு. கல்யாணப் பந்தியில் இலை போட்டு அழைக்கிற மாதிரி!

துப்பாக்கிக்குப் போலீஸ் சான்றிதழ் வேண்டும். எனக்கு இல்லை. ஆகவே ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றும் உத்தியோகம் எனக்கு.

"ஒண்ணு தெரியுமா? விளையாட்டுக்காகச் சுட்டேன்னு சொல்லக் கூடாது. பயிரைக் காப்பாத்தத்தான் அனுமதி. 2019 ஏப்ரல்ல, வழக்குப் போடுவோம்னு ஒரு அமைப்பு கிளம்பினதும் அந்த அனுமதியையே ரத்து பண்ணிட்டாங்க. அப்புறம் புதுசா எழுதிக் கொடுத்தாங்க."

சொன்னவன் முகத்தில் பயிர்க் கவலை எதுவும் தெரியவில்லை. தீபாவளிக்கு லட்சுமி வெடி கையில் கிடைத்த பையனின் முகம்தான் அது.

டமார்! டமார்! ஒன்று பந்து மாதிரி விழுந்தது. அடுத்து வந்ததைக் குறி பார்த்தவன், சட்டென்று துப்பாக்கியை இறக்கினான்.

"இறக்கையில வெள்ளை இல்லை. அது வேற ஜாதி. சுட்டா குற்றம்."

அந்த அரை நொடியில் அவன் மேல் எனக்கு மரியாதை வந்தது.

மத்தியானம் ஒன்று அடிபட்டு, பயிருக்குள் படபடத்தது. துப்பாக்கியை மடக்கித் தோட்டாவை எடுத்துவிட்டு, "போய்த் தூக்கிட்டு வா, சீக்கிரம்!" என்றான். ஓடினேன். கையில் எடுத்தால் சூடு! அந்தக் குளிரில் நாள் முழுக்க என் கை தொட்ட ஒரே சூடான பொருள் - டீயைத் தவிர - அதுதான். நெஞ்சு என் விரலுக்குள் அடித்துக்கொண்டது. கண் என்னையே பார்த்தது. வேலி வரை அறுபது அடி இருக்கும். நடக்க நடக்க வளர்ந்துகொண்டே போனது. அவன் வாங்கி, சின்னக் கட்டையால் ஒரே தட்டு. சிரிக்கவில்லை.

"இதுதான் எனக்கும் பிடிக்காத பார்ட்" என்றான்.

கழுத்துக்குக் கீழே இருந்த தீனிப்பையைப் பிரித்துக் காட்டினான். உள்ளே அத்தனையும் பச்சை இலை. ஒரு கைப்பிடி!

சாயங்காலம் காலித் தோட்டாக்களை எல்லாம் பொறுக்கினோம். மொத்தம் இருபத்தேழு புறா. பண்ணைக்காரப் பெரியவர் வந்து மூட்டையை எட்டிப் பார்த்து, தலையாட்டிவிட்டுப் போனார். அவர் முதுகுக்குப் பின்னால், வயலின் அந்தக் கோடியில், இன்னொரு கூட்டம் நிதானமாக இறங்கியது!

ராத்திரி நண்பனின் மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "என் வாணலியைத் தொடாதீங்க." அவனே தனிச் சட்டியில், நெஞ்சுக் கறியை மட்டும் எடுத்து, மிளகு தூவி வெண்ணெயில் வதக்கினான். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். அந்தச் சூடு இன்னும் விரலிலேயே இருந்தது. ஆனால், சுட்டதைத் தின்னாமல் எறிவது அதைவிடப் பாவமாகப் பட்டது. சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது, என்ன செய்ய?

இரண்டாவது வாயில் 'டக்'கென்று பல்லில் ஏதோ பட்டது. எடுத்துத் தட்டு ஓரம் வைத்தேன்.

நண்பனின் மனைவி எட்டிப் பார்த்துக் கேட்டார்:

"ஏங்க, கடுகு தாளிச்சீங்களா?"