சவுக்குத் தோப்பில் ஒரு சைக்கிள் சவாரி

"இந்த வயசிலே சைக்கிளா? விழுந்து கையைக் காலை உடைச்சுண்டா யார் பார்க்கிறது?"

மாமியார் கேட்டதில் தப்பு ஒன்றுமில்லை. போன வருஷம் நிஜமாகவே விழுந்து, ஆறு வாரம் மணிக்கட்டில் மாவுக்கட்டோடு திண்டாடியவள் நான். அன்றிலிருந்து என் சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் தூசி படிந்து கிடந்தது.

காலேஜ் படிக்கும் என் பெண்தான் விடவில்லை. "பழவேற்காட்டுக்குப் போகலாம்மா. அங்கே எல்லாம் மணல்தான். விழுந்தாலும் வலிக்காது!" என்றாள்.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பொன்னேரியிலிருந்து இரண்டு சைக்கிள்களையும் 'குட்டி யானை' வண்டியில் ஏற்றிக்கொண்டு, பொழுது விடியும்போது பழவேற்காடு கடைத்தெருவில் இறங்கினோம். 1613-இல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய ஊர் இது. அவர்களுடைய பழைய கல்லறைத் தோட்டத்து வாசலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். 'நல்ல சகுனம்தான்!' என்று நினைத்துக்கொண்டே பெடலை மிதித்தேன்.

பாலத்தில் ஏறினால் இருபுறமும் ஏரி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உப்பங்கழி இதுதான். தூரத்தில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. கரையோரத் தண்ணீரில் சில பெண்கள் குனிந்து, கையாலேயே தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஓலையில் முடைந்த பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளும் சேற்றுக்குள்! நம் இடுப்பு வலியெல்லாம் எந்த மூலைக்கு?

லைட் ஹவுஸ் குப்பத்தைத் தாண்டியதும் தார் ரோடு முடிந்தது. சவுக்குத் தோப்புக்குள் ஒற்றையடி மணல் பாதை. பெண் சர்ரென்று போய்விட்டாள். எனக்கோ, பத்தடி போவதற்குள் முன் சக்கரம் மணலில் புதைந்து, ஹாண்டில் பார் ஒருபக்கமாகத் திருகிக்கொண்டது. சவுக்கு வேர் ஒன்றில் இடித்துச் சாய்ந்தேன். அடி ஒன்றுமில்லை. ஆனால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். போதும், திரும்பிவிடலாம் என்று தோன்றியது.

அப்போது அம்மா ஞாபகம் வந்தது. எங்கள் சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். 1991-இல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் பெண்களைச் சைக்கிள் கற்கத் தூண்டினார். எழுத்தோடு சைக்கிளும் கற்றவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. முழங்கால் சிராய்ப்பில் மஞ்சளைப் பூசிக்கொண்டு மறுநாளும் மைதானத்துக்குப் போனவள்!

எழுந்து, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி மிதித்தேன். மறுபடியும் புதைந்தது. எதிரே மீன் கூடையோடு வந்த ஒரு பெரியம்மா நின்று பார்த்தார்.

"ஏம்மா, மணலோட மல்லுக்கு நிக்கிறே? எறங்கித் தள்ளிக்கினு போ. கெட்டித் தரை வந்தா ஏறிக்கோ!"

எவ்வளவு சுலபமான விஷயம்! இறங்குவது தோல்வி என்றல்லவா நினைத்திருந்தேன்? புதைமணலில் தள்ளினேன், சவுக்கு இலை மெத்தையாக உதிர்ந்து இறுகிய இடத்தில் ஏறினேன். இப்படி ஏறி இறங்கி, ஏறி இறங்கி, தோப்பின் மறுமுனைக்கு வந்தால்... கடல்! என் பெண் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக் காத்திருந்தாள்.

உங்களுக்கும் ஆசை வருகிறதா? சில குறிப்புகள்: மணலில் டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் சக்கரம் அவ்வளவாகப் புதையாது. திரும்பத் தார் ரோட்டுக்கு வந்ததும் காற்றடிக்க, சின்ன பம்ப் கையில் இருக்கட்டும். சக்கரத்தைப் பார்க்காமல் பத்தடி முன்னால் பாருங்கள். முன் பிரேக்கைச் சட்டென்று பிடிக்காதீர்கள். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடியும்படி சீட்டை உயர்த்துங்கள். சீட் தாழ்ந்தால் மூட்டு வலிக்கும். சேலையைவிடச் சுடிதார் நல்லது. துப்பட்டாவை இறுக்கி முடிந்துகொள்ளுங்கள். கர்ப்பிணிகளும், ஆபரேஷன் ஆனவர்களும் டாக்டரைக் கேட்காமல் ஏற வேண்டாம். சீமைக்கருவேல முள் ஜாக்கிரதை!

வீடு திரும்பியதும் மாமியார் முதலில் என் கையைத்தான் பார்த்தார். பிறகு மெதுவாக, "அடுத்த தடவை போறச்சே நல்ல இறாலா வாங்கிண்டு வா" என்றார்.

சைக்கிள் இப்போது மாடிப்படிக்கு அடியில் இல்லை, வாசலில் நிற்கிறது.