வன்னிப் பெருவீதியும் ஒரு விரைவு வண்டியும்

ஒரு மோட்டார் வண்டியைக் கண்டதும் மனிதர் கேட்கும் முதற் கேள்வி, அவர்கள் வாழும் மண்ணின் இயல்பைக் காட்டிவிடும். கொழும்பிலே, "என்ன விலை?" என்பார்கள். மாணவர்களோ, "சேர், உது எவ்வளவு வேகம் ஓடும்?" என்பார்கள். வன்னியிலே வயலோரத்தில் நிற்கும் முதிய கமக்காரர் வண்டியின் முன்புறத்தை ஏறெடுத்தும் பாரார். பின்கதவைத் திறக்கச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "மாஸ்ரர், உதுக்குள்ளை எத்தினை மூட்டை கொள்ளும்?" என்று கேட்பார். இம்மூன்று கேள்விகளுக்கும் ஒருங்கே விடை சொல்லவேண்டிய ஒரு வண்டியைச் சில ஆண்டுகளாக எங்கள் குடும்பம் வைத்திருக்கிறது. அதனைப் பற்றியும், அது நாள்தோறும் ஓடும் வன்னி வீதிகளைப் பற்றியும் இங்கே சில சொல்ல விழைகின்றேன்.

ஆங்கிலேயர் 'எஸ்ரேற் கார்' என்பார்கள். அமெரிக்கர் 'ஸ்ரேசன் வாகன்' என்பார்கள். இலங்கைத் தமிழர் முன்னதைக் கேட்டால் தேயிலைத் தோட்டத்துத் துரைமாரின் வண்டி என்றே எண்ணுவர். அது முற்றும் பிழையுமன்று. பெருநிலக்காரர் தம் பண்ணை வேலைக்குப் பயன்படுத்தியதால் வந்த பெயரே அது. புகையிரத நிலையத்தில் இறங்கும் பயணிகளையும் அவர்தம் பெட்டி படுக்கைகளையும் ஏற்றி வந்ததால் மற்றைய பெயர் வந்தது. சாதாரண காரின் கூரையைப் பின்புறம்வரை நீட்டி, அங்கே ஒரு கதவை வைத்துவிட்டால் அதுவே ஸ்ரேசன் வாகன். பின்னிருக்கையை மடித்தால் ஒரு சிறு களஞ்சியம். நிமிர்த்தினால் ஐவர் அமரும் குடும்ப வண்டி.

நம் நாட்டுக்கு இவ்வகை வண்டி புதியதன்று. மரச்சட்டம் வெளியே தெரியும் மொறிஸ் மைனர் 'ரவலர்' 1953 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்தது. நம் வீதிகளிலும் ஓடியது. பின்னர் ஜப்பானிய ரொயோட்டா கொறோலா வாகனும் நிசான் ஏ.டி. வாகனும் வந்தன. கடைச் சாமானிலிருந்து கல்யாண வீட்டுப் பாத்திரம்வரை அவை சுமக்காத பொருளில்லை. ஆனால் அவை எருதின் இனம், பொறுமையாய் இழுப்பவை.

குதிரையின் இனம் பிறந்தது ஐரோப்பாவிலே. 1994 ஆம் ஆண்டில் வொல்வோ நிறுவனம் தன் 850 வாகனையே பிரித்தானியக் கார்ப் பந்தயத்தில் இறக்கியபோது பார்த்தவர் நகைத்தனர். அதே ஆண்டில் ஓடி நிறுவனம் போர்ஷே நிறுவனத்தோடு சேர்ந்து ஆர்.எஸ்.2 என்ற வாகனைச் செய்தது. அது மணிக்கு 262 கிலோமீற்றர் வேகம் எட்டவல்லது. பிள்ளைகளும் நாய்க்குட்டியும் மளிகைச் சாமானும் ஏறும் வண்டி பந்தயக் காரோடு போட்டியிடும் விந்தை அப்போது தொடங்கியது. ஜப்பானியரும் தம் குடும்ப வாகன்களுக்கு ரர்போ பொருத்தி விற்றனர். எங்கள் வண்டி அந்த வழியில் வந்த ஒரு பழைய ஜப்பானிய வண்டி. இரண்டு லீற்றர் இயந்திரமும், நான்கு சில்லுக்கும் வலு பகிரும் அமைப்பும் உடையது.

ரர்போ என்பது யாதென மாணவர் கேட்கலாம். இயந்திரம் வெளிவிடும் புகை வீணே போகாமல் ஒரு சிறு காற்றாடியைச் சுழற்றும். அக்காற்றாடியின் மறுபுறத்து விசிறி வெளிக்காற்றை அழுத்தி மீண்டும் இயந்திரத்துக்குள் செலுத்தும். காற்று மிகுந்தால் எரிபொருளும் கூடுதலாக எரியும், வலுவும் கூடும். கழிவே ஆக்கமாக மாறும் இந்த உபாயம், அடுப்புச் சாம்பலைத் தோட்டத்துக்கு உரமாக்கும் எங்கள் ஆச்சிமாருக்கு விளங்காததன்று.

இனி வீதிக்கு வருவோம். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 பெருவீதியை வன்னியில் இன்றும் 'கண்டி வீதி' என்றே சொல்வார்கள். வவுனியாவைத் தாண்டினால் ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன், பின்னர் ஆனையிறவு. பெயர்களைக் கவனியுங்கள். இவற்றுட் பல குளத்தில் முடிகின்றன; நீரைத் தேக்கி நெல் விளைத்தவர்களின் நாடு இது. இந்தப் பெருவீதி 2002 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 2006 ஓகஸ்டில் மூடப்பட்டது. 2009 இல் போர் முடிந்த பின்னரே மீண்டும் மக்களுக்குக் கிடைத்தது. பின்னர் காபெற் வீதியாகப் புனரமைக்கப்பட்டு, இன்று தண்ணீர் ததும்பாமற் செம்பைக் கொண்டுபோகக்கூடிய அளவுக்குச் சமனாகக் கிடக்கிறது.

இந்தச் சமன்தான் ஆபத்தின் ஊற்று. வலுமிக்க வண்டி, நேரான வீதி, இருமருங்கும் காடு, எதிரே ஒருவருமில்லை. சாரதியின் வலக்கால் தானாகவே கீழிறங்கும். சட்டம் நகருக்கு வெளியே கார்களுக்கு மணிக்கு 70 கிலோமீற்றரையே அனுமதிக்கிறது. எங்கள் வண்டிக்கு 70 என்பது உறக்கத்தில் மூச்சுவிடுவது போன்றது. அப்படியானால் எஞ்சிய வலு எதற்கு? அதற்கும் உபயோகமுண்டு. உமி ஏற்றிய லொறியையோ வைக்கோல் நிறைத்த உழவு இயந்திரத்தையோ முந்தவேண்டும்போது, வலுக்குறைந்த வண்டி எதிர்ப்பக்கத்திலே நெடுநேரம் தவிக்கும். வலுவுள்ள வண்டி சட்டெனக் கடந்து தன் பக்கத்துக்கு மீளும். ஐந்து பேரும் பொதிகளும் ஏறிய நிலையிலும் அது மூச்சுத் திணறாது. ஆபத்தான இடத்தில் நிற்கும் நேரத்தைச் சுருக்குவதே குடும்ப வண்டியில் வலுவுக்குரிய நேர்மையான பயன் என்பது என் துணிபு.

கணக்கொன்று பார்ப்போம். வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்குத் தூரம் ஏறத்தாழ 75 கிலோமீற்றர். 70 வேகத்திற் சென்றால் ஒரு மணி நான்கு நிமிடம். சட்டத்தை மீறி 100 இற் சென்றால் முக்கால் மணி. மிச்சம் பத்தொன்பது நிமிடம். இதற்குக் கொடுக்கும் விலை யாது? ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு செக்கன் ஆகுமென்று கொள்வோம். உலர்ந்த வீதியில், 70 வேகத்திற் செல்லும் வண்டி நிற்பதற்கு ஏறத்தாழ 46 மீற்றர் வேண்டும். 100 இற் செல்லும் வண்டிக்கு 83 மீற்றர் வேண்டும். இரவில் தாழ்த்திய முன்விளக்கு காட்டும் தூரமோ ஏறக்குறைய 50 மீற்றர். 70 இற் செல்பவன் கண்ட பொருளுக்கு முன்னே நிற்கிறான். 100 இற் செல்பவன் கண்ட பொருளைக் கடந்த பின்னரே நிற்கிறான். மோதலின் வலிமையும் வேகத்தின் வர்க்கத்தோடு பெருகுவதால், 70 ஐ 100 ஆக்கினால் அது இரு மடங்காகும்.

அந்தக் 'கண்ட பொருள்' வன்னியிலே கற்பனையன்று. கட்டாக்காலி மாடுகள் இரவில் வீதியின் சூடு தேடிவந்து படுத்திருக்கும். மழைக்காலத்தில் ஈக்கும் நுளம்புக்கும் அஞ்சிக் காற்றோட்டமான வீதியிலேயே மந்தை மந்தையாய் நிற்கும். கறுத்த எருமை கறுத்த தாரின்மீது படுத்தால் கண்களின் மினுக்கம் ஒன்றே அடையாளம். காலபோக அறுவடைக் காலத்தில் வீதியோரத்தில் நெல் பரவிக் காயும். அதைக் கிளறும் பெண்கள் வீதிக்கு முதுகு காட்டிக் குனிந்து நிற்பார்கள். காலையிலும் பின்னேரத்திலும் பாடசாலைப் பிள்ளைகள் துவிச்சக்கர வண்டிகளிற் சோடி சோடியாக வருவார்கள். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கங்களில் யானையும் உண்டு. இவர்களுள் எவரும் வீதியிற் பிழையாக வந்தவரல்லர். வீதி காபெற்றாகும் முன்னரே அவர்கள் அங்கிருந்தவர்கள். வேகமான வண்டிதான் புதிதாய் வந்த விருந்தாளி. விருந்தாளிக்குரிய அடக்கம் அதற்கு வேண்டாமா?

இவ்வடக்கத்தைக் கற்பிக்கவே போலும் முறிகண்டியிலே பிள்ளையார் வீற்றிருக்கிறார். கண்டி வீதியிற் செல்லும் எவ்வண்டியும் அங்கே தரிக்காமற் போவது அரிது. பேருந்தும் லொறியும் சொகுசுக் காரும் ஒரே வரிசையில் நிற்கும். சாரதி இறங்கித் தேங்காய் உடைப்பார், கற்பூரம் கொளுத்துவார், நெற்றியில் நீறு பூசிக்கொண்டு, சுருளிற் கச்சான் வாங்குவார். பக்தியின் பயனைப் பக்தர் அறிவர். ஆயின் நெடும் பயணத்தின் நடுவே கால் நீட்டி, முகம் கழுவி, கண்ணயர்ச்சி தீர்ந்து செல்லும் வழக்கம், பக்தியில்லாதவனுக்கும் உயிர்காக்கும் வழக்கமே. எங்கள் பிள்ளைகளுக்கோ பயணம் என்றால் முறிகண்டிக் கச்சான்தான். அதன் கோதுகள் பின்னிருக்கையின் இடுக்குகளில் மாதக்கணக்காகக் கிடக்கும்.

மாங்குளம் சந்தியிற் கிழக்கே திரும்பினால் ஒட்டுசுட்டான் வழியே முல்லைத்தீவு. தான்தோன்றீஸ்வரரை வணங்கிச் செல்லும் அவ்வீதி வரை வண்டிக்கு வருத்தமில்லை. கிராமத்துக் கிரவல் வீதிகளில் இறங்கும்போதுதான் விரைவு வண்டியின் பலவீனம் வெளிப்படும். பந்தயத்துக்கென அமைந்த தட்டையான ரயர் குழியில் விழுந்தால் சில்லின் விளிம்பே நெளியும். தாழ்ந்த அடித்தட்டு மண்மேட்டில் உரசும். இறுகிய சுருள்வில் ஒவ்வொரு கல்லையும் முதுகெலும்புக்கு அறிவிக்கும். ஆகவே கனத்த பக்கச்சுவருள்ள ரயரும் சற்று உயர்ந்த சுருள்வில்லும் மாற்றினோம். அழகு குறைந்தது, அம்மாவின் முதுகுவலியும் குறைந்தது. உயரமான ஜீப்பில் ஏற ஏணி தேடும் முதியோருக்கு, தாழ்ந்த வாகனின் இருக்கை கதிரையில் அமர்வதுபோல இருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும்.

பரந்தனிலிருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாகவும் முல்லைத்தீவுக்குப் போகலாம். வட்டுவாகலில் நந்திக்கடல் விரிகிறது. அங்குள்ள பாலம் நெடுங்காலமாக ஒரு வண்டி கடக்கும் அகலமே கொண்டிருந்தது. அப்பால் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன். வைகாசிப் பொங்கலுக்கு உப்புநீரில் விளக்கெரியும் தலம். இவ்வீதியிற் போகும்போது வண்டியில் உள்ளவர் பேச்சு தானாகவே அடங்கும். 2009 ஆம் ஆண்டின் முற்பகுதியில் இலட்சக்கணக்கான மக்கள் உழவு இயந்திரத்திலும் துவிச்சக்கர வண்டியிலும் தலைச்சுமையிலும் தம் வீட்டையே பெயர்த்துக்கொண்டு சென்ற பகுதி இது. எதை ஏற்றுவது, எதை விடுவது என்று வாசலில் நின்று தீர்மானித்தவர்கள், வண்டியைக் கண்டதும் அதன் வயிற்றைப் பார்ப்பதன் காரணம் இங்கே விளங்கும். மூட்டைக் கணக்குக் கேட்கும் அந்த முதியவர் வேகத்தை அறியாதவரல்லர். வேகத்தைவிடக் கொள்ளளவு உதவிய காலத்தைக் கண்டவர்.

செலவையும் மறைக்கலாகாது. எங்கள் வண்டி ஒரு லீற்றருக்கு எட்டுக் கிலோமீற்றர் ஓடும். ஒக்ரேன் 95 பெற்றோல் கேட்கும். அது எல்லா நிரப்பு நிலையத்திலும் கிடையாது. 1990 களில் பொருளாதாரத் தடையின்போது, ஒஸ்ரின் ஏ40 போன்ற பழைய கார்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, மண்ணெண்ணெயிற் புகை கக்கியபடி ஓடின. இன்றைய ரர்போ இயந்திரம் அத்தகைய தவத்துக்கு இசையாது. 2022 ஆம் ஆண்டின் தட்டுப்பாட்டில் காருக்கு வாரம் 20 லீற்றர் தந்தார்கள். எங்களுக்கு அது 160 கிலோமீற்றர். கிளிநொச்சிக்கு ஒருமுறை போய்வந்தால் தீர்ந்தது. நான்கு லீற்றர் பெற்ற மோட்டார்ச் சைக்கிள்காரர் அதே தூரம் ஓடினார். அக்காலத்தில் வண்டி வாசலில் நிற்க, நான் துவிச்சக்கர வண்டியிற் கல்லூரிக்குச் சென்றேன். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீளத் திறந்தது. இயந்திரக் கொள்ளளவைக் கொண்டு வரி கணிப்பதால் வலுமிக்க புதிய வண்டி நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாக்கனி. பழையதைப் பேணுவதே வழி. நேரத்துக்கு எண்ணெய் மாற்றுதல், நெடும் ஓட்டத்தின் பின் ரர்போ ஆறச் சில நிமிடம் மெதுவாய் ஓட்டுதல், பிரேக்கையும் ரயரையும் ஒருபோதும் சிக்கனத்துக்குப் பலியிடாமை ஆகிய மூன்றும் அதன் ஆயுளைக் கூட்டும்.

'அவசர நோய்க்கு விரைவு வண்டி வேண்டுமே' என்பார் சிலர். வைத்தியசாலை தொலைவான வன்னிக் கிராமங்களில் இது பொருளற்ற வாதமன்று. ஆயினும் 2018 இல் வட மாகாணத்துக்கும் வந்துவிட்ட 1990 இலவச நோயாளர் காவு வண்டியில் ஒட்சிசனும் பயிற்சி பெற்றவரும் உண்டு. என் வண்டியில் வேகம் மட்டுமே உண்டு. பதற்றத்தோடு ஓட்டும் உறவினன் நோயாளிகளின் எண்ணிக்கையைக் கூட்டிவிடவும் கூடும். பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி.

நிறைவாக, மோட்டார்க் கனவு காணும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. வேகமான வண்டியை விரும்புவதிற் குற்றமில்லை. அதன் இயந்திர நுட்பத்தைப் படியுங்கள். ஒருநாள் அதைவிடச் சிறந்ததை நீங்களே செய்யுங்கள். ஆனால் அதன் வலுவைச் சேமிப்புப் பணம்போலக் கருதுங்கள். கையில் இருக்கிறது என்பதே நிம்மதி. கண்டபடி செலவழித்தால் மிஞ்சுவது கடன். பெருவீதிக்கு ஏங்கிய ஆண்டுகள் பலவற்றைக் கடந்து வந்தவர்கள் நாம். கிடைத்த வீதியில் எல்லோரும் வீடு வந்து சேர்வதே நமக்குப் பெருமை. பின்னிருக்கையிற் பிள்ளைகள் உறங்க, பின்தட்டில் முல்லைத்தீவுக் கருவாடும் ஒட்டுசுட்டான் பாலைப்பழமும் மணக்க, முள் 70 ஐத் தாண்டாமல் ஊர்திரும்பும் ஒரு மாலையைவிட அந்த வண்டிக்கு வேறு பந்தயம் வேண்டியதில்லை.