எண்ணுக்குப் பின்னால் இருப்பது

அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு எண்கள்மேல் அபார நம்பிக்கை. ஹீமோகுளோபின் ஆணுக்கு 13, பெண்ணுக்கு 12, கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் கீழே இறங்கினால் ரத்தசோகை. இந்தக் கணக்கை மனப்பாடமாகச் சொல்வேன். சீட்டில் எண்ணை எழுதி நீட்டியதும் நோயையே பிடித்துவிட்ட மிதப்பு வேறு. நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

ஒருநாள் விவசாயப் பெரியவர் ஒருவர் வந்தார். நான்கு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், டானிக் என்று வீட்டில் எல்லாம் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. எங்கள் டாக்டரம்மா அவருடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்; வெளுத்துக் கிடந்தது.

“ஐயா, வெளிக்குப் போறது என்ன நிறத்துல இருக்கு?”

பெரியவர் கூச்சத்தோடு, “தார் மாதிரி கறுப்பாப் போகுதும்மா” என்றார்.

“டானிக் குடிக்கிறதுக்கு முன்னாடியேவா?”

“ஆமாம்மா.”

இரும்புச்சத்து டானிக்கும் மலத்தைக் கறுப்பாக்கும். அதனால்தான் அந்த இரண்டாவது கேள்வி. மூட்டுவலிக்கு மாதக்கணக்கில் தானே வாங்கிப் போட்ட மாத்திரைகளால் இரைப்பை புண்ணாகி, ரத்தம் கசிந்துகொண்டிருந்தது பிறகு தெரிந்தது.

அன்று மாலை டாக்டரம்மா எனக்குப் பாடம் எடுத்தார். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். சிவப்பணுக் கணக்கிலும் குடும்பம்போல வரவு செலவு உண்டு. இரும்பு, பி12, ஃபோலிக் அமிலம் போதாவிட்டாலும், சிறுநீரகமோ எலும்பு மஜ்ஜையோ கெட்டாலும் உற்பத்தி குறையும். குடற்புண், மூலம், அதிக மாதவிடாய், கொக்கிப்புழு ஆகியவற்றால் ரத்தம் வெளியேறும். மலேரியாவிலும் அரிவாள் அணு நோயிலும் அணுக்கள் காலத்துக்கு முன்பே சிதையும்.

நுண்ணோக்கியில் பார்த்தால் இன்னொரு வகைப்பாடு தெரியும். இரும்பு குறைந்தால் அணு சிறுத்து, நடுவில் வெளிறியிருக்கும். பி12, ஃபோலிக் அமிலம் குறைந்தால் பெருத்துவிடும். திடீர் ரத்தப்போக்கிலும் சிறுநீரக நோயிலும் பெரும்பாலும் அளவு மாறாது. சிறுத்ததெல்லாம் இரும்புக் குறைவும் அல்ல. தலசீமியா என்னும் பரம்பரை ரத்தநோயின் கூறு உள்ளவருக்கும் அணு சிறியதுதான். இரும்பு குறையாத அவருக்கு இரும்பு மாத்திரை கொடுத்துப் பயனில்லை.

இப்படிக் கேட்டுக் காரணம் தேடுவது புதிதல்ல. 1928-இல் பம்பாய் வந்த ஆங்கிலேய மருத்துவ ஆய்வாளர் லூசி வில்ஸ், கர்ப்பிணிகளின் பெரிய அணு ரத்தசோகைக்குக் காரணம் தேடி, அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்றும் விசாரித்தார். ஈஸ்ட் சாறு அதைக் குணமாக்குவதை 1931-இல் எழுதினார். அதிலிருந்த மருந்துப்பொருள் ஃபோலிக் அமிலம் என்பது பின்னால் தெரிந்தது.

வீட்டில் ஒருத்தி அடிக்கடி சோர்ந்து உட்கார்ந்தால் சோம்பல் என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். டானிக் வாங்கி வைப்பதோடு கடமை முடிந்ததாகவும் நினைக்கிறோம். மாதவிடாய் எத்தனை நாள் நீள்கிறது, என்ன மாத்திரை போடுகிறாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்க யாருக்கும் பொழுதில்லை. அந்தப் பெரியவர் வாய் திறந்தது, டாக்டரம்மா முகம் சுளிக்காமல் கேட்டதால்தான். நிதானமாகக் கேட்பதும் வைத்தியத்தில் பாதி என்று ஆய்வகத்துக்கு வெளியேதான் நான் கற்றுக்கொண்டேன்.