குருவும் குதிரையும்

பதினைந்து வருஷங்களாகக் குதிரையேற்றம் கற்பித்து வரும் ஒருவரிடம், "ஐந்து நாள் வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டு வாருங்கள்" என்று சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும்? சங்கீத வித்துவானைப் பார்த்து, ஸரளி வரிசை பாடம் பண்ணிக்கொண்டு வரச் சொன்னது போலத்தான் நமக்கு இருந்தது. ஆனாலும் போனோம். போனதற்குக் காரணம் ஒரு சிறு பெண்.

அவள் நம்மிடம் ஆறு மாதம் பயின்றாள். ஒரு நாள், தடைக் கம்பத்துக்கு முன்னால் அவளுடைய குதிரை சட்டென்று நின்றுவிட்டது. "குதிகாலைத் தாழ்த்து! முதுகை நிமிர்த்து! பயப்படாதே!" என்று மைதானம் அதிரும்படி கூவினோம். மறுநாள் முதல் அவள் வரவில்லை. குழந்தைக்குத் தைரியம் போதாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டோம். சொன்னோமே தவிர, மனத்தில் ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது.

வகுப்பின் முதல் நாளே நமது கர்வத்துக்கு அடி விழுந்தது. ஒவ்வோர் ஆசிரியரும் மற்றவர்கள் முன்னிலையில் பத்து நிமிஷம் பாடம் நடத்த வேண்டும். நாம் வெகு உற்சாகமாய் நடத்தினோம். முடிந்ததும் வகுப்புத் தலைவர் நமது மாணவனை நோக்கி, "இவர் சொன்னதில் உனக்கு எது நினைவிருக்கிறது?" என்று கேட்டார். பையன் திருதிருவென்று விழித்தான். நாம் இட்ட கட்டளைகள் 47 என்று அவர் எண்ணி வைத்திருந்தார்! "ஒரு சமயத்தில் ஒன்று சொல்லுங்கள். பிறகு சற்றுச் சும்மா இருங்கள்" என்றார்.

இரண்டாம் நாள் நம்மையே குதிரைமீது ஏற்றினார்கள். காலுக்கு அங்கவடி இல்லை. கைக்குக் கடிவாளம் இல்லை. நீண்ட கயிற்றின் நுனியில் குதிரை வட்டமாக ஓட, நாம் சேணத்தின்மேல் மூட்டைபோல் குலுங்கினோம். நாம் உடலை இறுக்கிய போதெல்லாம் குதிரையின் முதுகும் இறுகிற்று. தோலில் ஈ உட்கார்ந்தாலும் உணரும் பிராணி அல்லவா அது?

பிறகு விளக்கம் சொன்னார்கள். குதிரையைக் காலால் அழுத்துவது ஒரு கேள்வி. அது அடியெடுத்து வைத்த அக்கணமே அழுத்தத்தை விட்டுவிடுவதுதான் அதற்குக் கிடைக்கும் வெகுமதி. விடாமல் அழுத்தினால், தான் செய்தது சரியா தவறா என்று அறியாமல் அது குழம்பி நின்றுவிடும். நாம் அதற்குப் பிடிவாதம் என்று பெயர் வைக்கிறோம். மேலும், குதிரையின் நெற்றிக்கு நேர் முன்னே சிறிது தூரம் அதற்குப் பார்வை கிடையாது. கம்பத்தைக் கணிக்கத் தலையை அசைக்க அதற்கு இடம் வேண்டும். நமது கூச்சலில் அந்தக் குழந்தையின் கைகள் கடிவாளத்தை இறுகப் பற்றியிருக்கும். குதிரை பின் என்ன செய்யும்? கோபத்துடன் குதிரையை அணுகலாகாது என்று கிரேக்க நாட்டு ஜெனபன் 2300 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தார். நமக்கு அது எட்டப் பதினைந்து வருஷம் ஆயிற்று.

1982-ஆம் ஆண்டு டில்லி ஆசிய விளையாட்டில் நம்மவர்கள் குதிரையேற்றத்தில் தங்கம் வென்றார்கள். அடுத்த தங்கம் 2023-இல், ஹாங்சௌவில், 41 ஆண்டுகளுக்குப் பிறகே வந்தது. அதை வென்ற நால்வரும் ஐரோப்பாவில் தங்கிப் பயின்றவர்கள். அசுவ சாஸ்திரத்தில் வல்ல நகுலனைப் போற்றும் தேசத்தில், நம் குழந்தைகள் உள்ளூரிலேயே கற்றுத் தேற வேண்டாமா? அதற்கு உயர்ந்த ஜாதிக் குதிரைகள் மட்டும் போதா. கற்றுக்கொள்ள வெட்கப்படாத ஆசிரியர்களும் வேண்டும்.

ஊர் திரும்பியதும் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனோம். "அன்று தப்பு உன்னுடையது அல்ல, அம்மா, என்னுடையது" என்றோம். அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "ஸார், குதிரைக்கு என்மேல் இருந்த கோபம் தீர்ந்துவிட்டதா?" என்று கேட்டாள்.

இத்தனை மாதமாக அவள் அப்படியல்லவா எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்!

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். தரையில் ஒரு கம்பத்தைப் போட்டு வைத்தோம். "கையை மட்டும் தளர்த்திக்கொள்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டோம். அதுதான் மகா கஷ்டமாயிருந்தது. குதிரை தலையைத் தாழ்த்திப் பார்த்தது. சாவதானமாகத் தாண்டிச் சென்றது.

அடுத்த வகுப்புக்கு நாமே மனுப் போட்டிருக்கிறோம்.