பீனைல் அலனினும் இரு தாய்மாரும்

1934ஆம் ஆண்டு நோர்வே நாட்டின் ஒஸ்லோ நகரிலே, தாயொருத்தி தன் இரு குழந்தைகளின் நிலையையிட்டு அஸ்பியோன் ஃபொலிங் என்னும் வைத்தியரை நாடினாள். பிறந்தபோது குறையேதும் தோன்றாத குழந்தைகள்; உடல் வளர்ந்தது, அறிவு வளரவில்லை. அவர்கள்மீது வீசிய விநோதமான வாடைக்குக் காரணமென்னவென்று அவள் வைத்தியர் பலரிடம் முன்னரே கேட்டிருந்தாள், விடை கிடைக்கவில்லை. ஃபொலிங் இரசாயனமும் கற்றவர். குழந்தைகளின் சிறுநீரில் அவர் பெரிக்குக் குளோரைட்டை இட்டபோது, எதிர்பார்த்த செம்பழுப்பு நிறம் தோன்றாது பச்சை தோன்றிற்று. பல இலீற்றர் சிறுநீரைச் சேகரித்து ஆராய்ந்து, அப்பச்சைக்குக் காரணம் பீனைல்பைருவிக்கமிலமே எனக் கண்டார். பின்னர் மனவளர்ச்சி குன்றியோரில் 430 பேரைச் சோதித்தபோது மேலும் 8 பேரிடம் அதே பச்சை தெரிந்தது. பீனைல்கீற்றோனூரியா என இன்று வழங்கும் நோய் இதுவே.

பருப்பு, மீன், பால் முதலிய புரத உணவுகளிலெல்லாம் பீனைல் அலனின் என்னும் அமினோவமிலம் உண்டு. உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாத, உணவிலிருந்து பெற்றேயாகவேண்டிய பொருள் அது. மிகுதியானதை ஈரலிலுள்ள நொதியமொன்று தைரோசினாக மாற்றுகின்றது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற பரம்பரையலகைப் பெற்ற குழந்தையில் அந்நொதியம் செவ்வனே தொழிற்படுவதில்லை. எனவே பீனைல் அலனின் குருதியிலே தேங்குகின்றது. மூளையினுட் புகும் வழியை ஏனைய சில அமினோவமிலங்களுக்கு அடைத்தும் விடுகின்றது. தைரோசின் குன்றுவதால் தோலும் மயிரும் வெளிறுகின்றன. கருப்பையில் உள்ளவரை தாயின் உடலே இம்மிகையை அகற்றிவிடும். பிறந்து பாலுண்ணத் தொடங்கியதும் கேடு தொடங்குகின்றது. தாய்ப்பாலும் இதற்கு விலக்கன்று. ஆயினும் பசுப்பாலினும் அதிற் பீனைல் அலனின் குறைவாதலால், இன்று குருதியை அளந்து அளந்து அதனையும் ஓரளவு ஊட்டுகின்றனர்.

சிகிச்சைக்கு வழிதிறந்தவளும் ஒரு தாயே. 1951இல் இங்கிலாந்தின் பேர்மிங்காமில், தன் மகளுக்கு ஏதேனும் செய்யுமாறு அவள் ஹோஸ்ட் பிக்கல் என்னும் வைத்தியரை விடாது வற்புறுத்தினாள். பிக்கலும் தோழர்களும் பீனைல் அலனின் நீக்கிய உணவொன்றை ஆக்கினர். சில மாதங்களில் குழந்தை தவழ்ந்தாள், கண்களில் ஒளி வந்தது, மயிர் கருமையுற்றது. இம்மாற்றம் உணவினாலேயே நிகழ்ந்ததென நிறுவும் பொருட்டு, தாயறியாமல் அவ்வுணவிற் பீனைல் அலனின் கலக்கப்பட்டது. சில நாட்களுள் குழந்தை பெற்றதையெல்லாம் இழந்தாள். மறுக்கவொண்ணாத சான்றுதான், ஆனால் குழந்தையொன்றை மீண்டும் நோயுறச் செய்து பெற்ற சான்று. இன்றைய ஒழுக்கநெறிக்குழு எதுவும் இதற்கு இணங்காது. உணவு மீளத் திருத்தப்பட்டபோதும், முன்னரே பழுதுற்ற மூளை முழுமையாகச் சீராகவில்லை.

காலந் தாழ்த்தாமையே சிகிச்சை என்பது அதனால் விளங்கிற்று. மனவளர்ச்சி குன்றிய மகனொருவனின் தந்தையான அமெரிக்கர் றொபேட் கத்ரி, சிசுவின் குதிக்காலிற் குத்தி எடுத்த சில துளிக் குருதியைத் தாளில் ஊறவைத்துச் சோதிக்கும் முறையை 1963இல் வெளியிட்டார். அம்முறையினால், அறிகுறி தோன்றுமுன்பே நோயைக் கண்டு உணவை மாற்ற முடிந்தது.

அவ்வாறு காக்கப்பட்ட பெண்குழந்தைகள் வளர்ந்து தாயாகும்போது வேறொரு சிக்கல் எழுந்தது. கட்டுப்பாட்டைக் கைவிட்டவள் கருவுறுமுன்பே அதற்கு மீளவேண்டும். இல்லையேல், நோயற்ற பரம்பரையலகுடைய சிசுவின் மூளையும் இதயமுங்கூட அவளது குருதியிலுள்ள மிகையாற் பழுதுறும்.