29 மில்லிமீட்டர்

கிள்ளானில் காலை ஒன்பது மணிக்கே தார்ச்சாலை சுடத் தொடங்கியிருந்தது. டயர் கடையின் வாசலில் பழைய டயர்கள் ஆளுயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. உள்ளே சுவரில் முருகன் படம், அதன் கீழே காற்றழுத்த அட்டவணை, அதற்கும் கீழே ஆணியில் தொங்கும் இரும்பு லீவர்கள். நண்பரின் மகன் தன் சிவப்பு யூனோஸ் ரோட்ஸ்டரை மெதுவாக உள்ளே விட்டான். கடைக்காரர் வெளியே வந்து காரை ஒருமுறை சுற்றிவந்தார். பின்சக்கரத்தின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, மட்கார்டின் உள்விளிம்பை இரண்டு விரலால் தடவிப் பார்த்தார்.

“தம்பி, இந்த விளிம்ப யாராச்சும் மடிச்சிருக்காங்களா?”

“இல்ல அங்கிள். ஜப்பான்ல இருந்து வந்தப்ப இருந்த மாதிரியேதான் இருக்கு.”

“அப்ப நல்லது. காடி தப்பிச்சிருக்கு.”

அவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மலேசியாவில் மெக்கானிக்கைப் ‘போமன்’ என்கிறார்கள். இவர் போமனும் இல்லை, வெறும் டயர்க்காரரும் இல்லை. ரிம்மும் டயரும் காரின் உடம்பும் ஒன்றோடொன்று உரசாமல் உட்கார வைப்பதுதான் இவர் வேலை. நாற்பது வருடமாகச் செய்கிறார். அப்பா காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். “அவரு ரப்பர மரத்துல இருந்து எடுத்தாரு, நான் ரிம்ல மாட்டுறேன்” என்று சொல்லிவிட்டு ஜாக்கியை இழுத்துவரப் போனார்.

நான் அங்கே போனதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. சில வருடங்களுக்கு முன் சென்னையில் என் காருக்குப் புது ரிம் போட்டேன். எண்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ஸ்டியரிங் உதறும். போட்ட கடையில் மூன்று முறை பேலன்சிங் செய்து மூன்று முறையும் பணம் வாங்கிக்கொண்டார்கள். கடைசியில் வேறொரு பட்டறையில் ஒரு பெரியவர் சக்கரத்தைக் கழற்றி, ரிம்மின் நடுத்துளைக்கும் ஹப்புக்கும் நடுவே இருந்த இடைவெளியைக் காட்டினார். ஒரு பிளாஸ்டிக் வளையம் போட்டார். உதறல் அன்றோடு நின்றது. அந்த வளையத்தைப் பற்றித் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் எவ்வளவு தூரம் என்று அன்று புரிந்தது. அதிலிருந்து இந்த வேலை தெரிந்தவர்கள் எங்கே இருந்தாலும் போய்ப் பார்த்துவிடுவேன்.

இனி காரைப் பற்றி. மாஸ்டா நிறுவனம் 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் இதை வெளியிட்டது. ஜப்பானுக்கு வெளியே எம்எக்ஸ்-5 என்று பெயர். ஜப்பானில் அதே ஆண்டு செப்டம்பரில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இரண்டே இருக்கை, மடக்கித் திறக்கும் துணிக்கூரை, 1.6 லிட்டர் எஞ்சின், 120 குதிரைத்திறன், எடை 940 கிலோ. திட்டத்தை நடத்திய தோஷிஹிகோ ஹிராய் தன் குழுவுக்குக் கொடுத்த மந்திரம் ‘ஜின்பா இத்தாய்’. குதிரையும் அதில் ஏறியவனும் ஒரே உடம்பு என்று பொருள். அந்த ஒட்டுறவுக்காகவே ஒவ்வொரு கிலோவையும் எண்ணிக் குறைத்தார்கள். 2016-ல் பத்து லட்சமாவது கார் வெளிவந்தது. இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்களில் இவ்வளவு விற்றவை மிகச் சில.

அந்தக் கார் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது 14 அங்குல விட்டமும் ஐந்தரை அங்குல அகலமும் உள்ள ரிம்களில் 185/60 டயர்களோடு வந்தது. இன்றைய கண்ணுக்கு அது ஒல்லியாகத் தெரிகிறது. வாங்குகிற ஒவ்வொருவருக்கும் முதலில் கை அரிப்பது சக்கரத்தில்தான். இந்தப் பையனும் 15 அங்குல விட்டம், எட்டு அங்குல அகலத்தில் பழைய ‘ஸ்போர்ட் ரிம்’ நாலை வாங்கி வைத்திருந்தான். காரின் டிக்கியில் அவை கொள்ளாது என்பதால் அப்பாவின் வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தோம்.

பெரியவர் ரிம்மைப் புரட்டி உட்பக்கம் பொறித்திருந்த எண்களைத் துணியால் துடைத்து வாசித்தார். ஆஃப்செட் 25. பிறகு அதில் மாட்டியிருந்த டயரின் பக்கச் சுவரைத் தடவி நான்கு எண்களைக் கண்டுபிடித்தார்: 2214. “ரெண்டாயிரத்துப் பதினாலு, இருபத்திரெண்டாவது வாரம். இது டயர் இல்ல தம்பி, கட்டை.” விரல் நகத்தால் அழுத்தினார். நகம் பதியவில்லை.

அடுத்து நடந்ததைத்தான் நான் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஓர் அட்டைப் பெட்டியைக் கிழித்துத் தரையில் போட்டுச் சாக்கட்டியால் ஒரு கோடு இழுத்தார். அது ஹப்பின் முகம், ரிம் போய் ஒட்டுகிற இடம். ஆஃப்செட் என்பது அந்த முகத்துக்கும் ரிம்மின் நடுக்கோட்டுக்கும் உள்ள தூரம். எண் பெரிதானால் சக்கரம் உள்ளே போகும். சிறிதானால் வெளியே வரும். பழைய ரிம்மின் ஐந்தரை அங்குலத்தில் பாதி 70 மில்லிமீட்டர். அதன் ஆஃப்செட் 45. கழித்தால் 25. அதாவது ஹப்பின் முகத்திலிருந்து வெளிப்பக்கம் நிற்பது 25 மில்லிமீட்டர். பையன் கொண்டுவந்ததில் எட்டு அங்குலத்தின் பாதி 102. ஆஃப்செட் 25 போனால் 77. இரண்டுக்கும் வித்தியாசம் 52. ரிம்மின் உதட்டுத் தடிமன் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் அதைக் கணக்கில் விட்டுவிட்டார்.

“அம்பத்திரெண்டு. ரெண்டு இஞ்ச்சு வெளிய வருது. எங்க போய் நிக்கும்னு பாப்போம்.”

கணக்கோடு நிறுத்தியிருந்தால் அது காகித வேலை. அவர் பின்பக்கத்து ஷாக்கைக் கழற்றச் சொன்னார். பங்களாதேஷ்காரத் தம்பி ஒருவர் பத்தே நிமிடத்தில் கழற்றி, ஸ்பிரிங்கைப் பிரித்தெடுத்துவிட்டு, வெறும் ஷாக்கை மட்டும் திரும்ப மாட்டினார். ஸ்பிரிங் இல்லாவிட்டால் சக்கரத்தைக் கையளவு ஜாக்கியால் அதன் பயணத்தின் உச்சிவரை தூக்கலாம். இரண்டு பேர் உட்கார்ந்து பள்ளத்தில் விழுந்தால் சக்கரம் எங்கே ஏறுமோ அங்கே. மட்கார்டின் உள்விளிம்பில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி ஒட்டினார். எட்டு அங்குல ரிம்மை மாட்டி, மெல்ல மெல்லத் தூக்கினார்.

இந்தக் காரின் நாலு பக்கமும் இரட்டைக் கை அமைப்பு. சக்கரம் மேலே ஏற ஏற அதன் தலை உள்ளே சாயும். அதை அன்றுதான் என் கண்ணால் பார்த்தேன். கீழே நிற்கும்போது மட்கார்டைத் தாண்டி நின்ற டயரின் தோள், ஏறும்போது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஒதுங்கியது. ஆனால் ஒதுங்கியது போதவில்லை. களிமண் ஓரிடத்தில் வெற்றிலைபோல் நசுங்கி, விளிம்பின் தகரம் டயரில் பதிந்தது. பெரியவர் அந்தக் களிமண்ணைப் பிய்த்தெடுத்துப் பையனின் உள்ளங்கையில் வைத்தார். வேறு எதுவும் சொல்லவில்லை.

பையன் விடவில்லை. விளிம்பை மடிக்கலாமே என்றான். மடிக்கலாம். ஹப்பிலேயே மாட்டிக்கொள்ளும் உருளைக் கருவி அவரிடம் இருக்கிறது. ஹீட் கன்னால் பெயிண்டைச் சூடாக்கி, உருளையைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி முன்னும் பின்னும் ஓட்டினால் விளிம்பு உள்ளே படியும். அவசரப்பட்டால் பெயிண்ட் வெடிக்கும். வெடித்த இடத்தில் மழைத்தண்ணீர் நுழைந்து துரு அரிக்கும். சக்கரத்தைச் சாய்த்தும் வைக்கலாம். அப்போது டயரின் உள்பக்கம் சீக்கிரம் தேயும். “செபாங் ரேஸ் டிராக்ல ஓட்டுற காடின்னா எல்லாம் பண்ணிக் குடுப்பேன். நீ அம்மாவ கோயிலுக்குக் கூட்டிட்டுப் போற காடி இது. வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா ஜே.பி.ஜே. ரோட்டுல நிறுத்துவான், அதையும் நினைச்சுக்க” என்றார். ஜே.பி.ஜே. என்பது மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறை. மறுப்புச் சொல்லவும் தொழில் தெரிய வேண்டும். கேட்டதைச் செய்து பணம் வாங்கியிருந்தால் அவருக்கு அன்று கூடுதல் வருமானம்.

அகல டயர் போட்டால் தரையைத் தொடும் பரப்பு அப்படியே கூடிவிடும் என்று நானும் நினைத்திருந்தேன். காரின் எடையைத் தாங்குவது பெரும்பாலும் உள்ளே இருக்கும் காற்று. எடையும் காற்றழுத்தமும் மாறாவிட்டால் பரப்பும் பெரிதாக மாறாது. அதன் உருவம்தான் மாறுகிறது. நீளம் குறைந்து அகலம் கூடுகிறது. திருப்பத்தில் அந்த உருவம் உதவும், டயர் சீக்கிரம் சூடேறித் துவளாது. ஆனால் தண்ணீர் தேங்கிய சாலையில் அகல டயர் கூடுதல் தண்ணீரை ஒதுக்க வேண்டும். எடை குறைந்த கார் என்றால் தண்ணீரின் மேல் மிதக்கும் ஆபத்து இன்னும் கிட்டத்தில் வந்துவிடும். மாலையானால் வானம் உடைத்துக்கொண்டு கொட்டுகிற கிள்ளானில் இதை ஒதுக்கிவிட முடியாது.

அவர் சொன்ன அளவு 15 அங்குல விட்டம், ஏழு அங்குல அகலம், ஆஃப்செட் 35, டயர் 195/50. அதே அட்டையில் கணக்குப் போட்டார். 89-இல் 35 போனால் 54. பழைய 25-ஐக் கழித்தால் 29 மில்லிமீட்டர் வெளியே. உள்பக்கம் ஒன்பது மில்லிமீட்டர்தான் கூடுகிறது, ஷாக்கில் இடிக்காது. டயரின் மொத்த உயரம் 576 மில்லிமீட்டர், பழையது 578. வேகமானி பொய் சொல்லாது. பையன் கொண்டுவந்த ரிம்மில் இருந்த 205/50 டயருக்கு ஏழரை அங்குலம்வரைதான் அனுமதி. அதை எட்டில் இழுத்து மாட்டியிருந்தார்கள். 195/50 டயருக்கு ஏழு அங்குலம் கடைசி எல்லை, ஆனால் எல்லைக்கு உள்ளே. சுமைக் குறியீடும் பழைய டயரைப்போலவே 82.

பையனின் முகம் வாடியது உண்மை. ஆனால் உள்ளங்கையில் அந்தக் களிமண் இன்னும் இருந்தது. ஷா ஆலமில் தெரிந்த ஒருவரிடம் ரிம்களை மாற்றிக்கொள்ளப் பெரியவரே பேசி முடித்தார். மூன்று நாள் கழித்துத் திரும்பிப் போனோம்.

அன்று நான் முழுக்கப் பார்த்தது அந்தப் பங்களாதேஷ்காரத் தம்பியின் கைகளை. ரிம்மின் உதட்டில் சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் பூசினார். டயரை உள்ளங்கையால் ஒரு பக்கமாக அழுத்தி, மறுபக்கத்தை இயந்திரத்தின் கொக்கி ஏற்றிச் செல்லும்போது முழங்கையை டயரின் மேல் வைத்துக்கொண்டார். இழுவை கூடினால் முழங்கைக்குத்தான் முதலில் தெரியுமாம். டயரில் ஒரு மஞ்சள் புள்ளி இருந்தது. அதுதான் டயரின் எடை குறைந்த இடம். அதைக் காற்று வால்வுக்கு நேராகக் கொண்டுவந்து வைத்தார். பேலன்சிங் ஈயம் குறையும். காற்று ஏற ஏற எல்லோரும் பேச்சை நிறுத்தினோம். டப் என்று ஒரு பக்கம் உட்கார்ந்தது. 40 பி.எஸ்.ஐ. நெருங்கியும் மறுபக்கம் உட்காரவில்லை. உடனே காற்றைப் பிடுங்கி, மறுபடியும் சோப்புத் தண்ணீர் பூசி, முதலிலிருந்து ஆரம்பித்தார். அந்த அழுத்தத்துக்கு மேல் தள்ளினால் டயரின் விளிம்புக் கம்பி அறுந்து ஆளையே அடிக்கலாம். இரண்டாம் தடவை 30-லேயே உட்கார்ந்தது. பெரியவர் என்னிடம் மட்டும், “சொல்லிக் குடுத்து ஒரே வருஷந்தான் ஆகுது சார். இப்ப என்னைவிட நல்லாப் போடுறான்” என்றார்.

ஹப்பின் முகத்தைக் கம்பித் தூரிகையால் பளபளவென்று தேய்த்தார்கள். அங்கே ஒரு துணுக்குத் துரு ஒட்டியிருந்தால் சக்கரம் கோணலாக உட்காரும். இந்தக் காரின் ஹப் 54.1 மில்லிமீட்டர், ரிம்மின் துளை அதைவிடப் பெரிது. நடுவே வளையம் போட்டார்கள். என் சென்னைக் கதையை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, “வளையம் போடாதவனத் திட்டாதீங்க சார். அவனுக்கு யாரும் காட்டிக் குடுக்கல” என்றார். எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. அவருக்குக் கோபமே வரவில்லை.

நாலு நட்டையும் குறுக்குக் குறுக்காகக் கையால் ஏற்றி, கடைசி இறுக்கத்துக்கு டார்க் ஸ்பேனரை 100 நியூட்டன் மீட்டரில் வைத்து ‘டிக்’ சத்தம் வந்ததும் நிறுத்தினார். காற்றுத் துப்பாக்கியைத் தொடவே இல்லை. பிறகு பழைய ரிம் ஒன்றையும் புது ரிம் ஒன்றையும் தராசில் வைத்துக் காட்டினார். பழையது ஐந்தரை கிலோ, புதியது ஏழு. ஹிராயின் ஆட்கள் எண்ணி எண்ணிக் குறைத்த எடை, சக்கரத்துக்கு ஒன்றரை கிலோ வீதம் திரும்ப ஏறுகிறது. எட்டு அங்குலமாக இருந்தால் இன்னும் ஏறியிருக்கும். “பழைய நாலையும் வித்துறாத தம்பி. துணியில சுத்தி வீட்டுல வை” என்றார்.

பையன் என்னை உட்காரவைத்துக் காப்பார் சாலையில் ஒரு சுற்று ஓட்டினான். கூரை திறந்திருந்தது. திருப்பத்தில் கார் முன்பைவிட உடனே திரும்புகிறது என்றான். பள்ளங்கள் முன்பைவிடக் கொஞ்சம் உறைக்கின்றன என்றும் சொன்னான். ஓரிடத்தில்கூட மட்கார்டில் டயர் உரசும் சத்தம் கேட்கவில்லை.

டயர்க் கடை வேலையைப் படிக்காதவன் வேலை என்று சொல்லும் வழக்கம் அங்கேயும் இருக்கிறது, நம் ஊரிலும் இருக்கிறது. அட்டையில் சாக்கட்டியால் போட்ட அந்தக் கணக்கும் நசுங்கிய களிமண்ணும் டயரின் மேல் வைத்த அந்த முழங்கையும் எந்த வகுப்பிலும் கிடைக்காதவை. பெரியவருக்குப் பின் அந்தக் கடையை எடுத்து நடத்த அவர் பிள்ளைகளுக்கு விருப்பமில்லை. அந்தத் தம்பிக்கு வேலை அனுமதி முடிந்தால் ஊர் திரும்ப வேண்டும்.

அடுத்த நாள் 80 கிலோமீட்டர் ஓடியபின் கடைக்குத் திரும்பிப் போனோம். வரச் சொன்னது அவர்தான்; அதற்குக் காசு வாங்கவில்லை. பதினாறு நட்டில் பதினைந்து அசையவில்லை. முன் இடது சக்கரத்தில் ஒன்று மட்டும் கால் சுற்று திரும்பிய பிறகே ‘டிக்’ என்றது. புது ரிம் போட்ட எவரும், கார் எதுவானாலும் ஊர் எதுவானாலும், 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை திரும்பிப் போய் நட்டுகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் கூப்பிடாவிட்டாலும் போங்கள்.